நாற்பது சதவீதம் பிறந்த கதை

2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடியில் பதித்த கண்ணாடியிழைக் கேபிளைப் பிரதமர் தில்லியில் இருந்தபடியே தொடங்கிவைத்தார். செப்டம்பர் 4 அன்று, தொலைநிலைப் படிப்புக்கும் இணையவழிப் படிப்புக்கும் சேர்த்து ஒரே ஒழுங்குமுறையைப் பல்கலைக்கழக மானியக் குழு அரசிதழில் வெளியிட்டது. இடையில் 25 நாள். முதலாவது தொலைத்தொடர்புத் துறையின் வேலை, இரண்டாவது கல்வித் துறையின் வேலை. தில்லியில் இவை இரண்டு தனித்தனிக் கோப்புகள். புரோத்ராபூரில் இரண்டும் ஒரே கதை.

புரோத்ராபூர், இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரை ஒட்டிய பகுதி. அந்தமானுக்கு வெளியே அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் அங்குள்ள மாவட்டச் சிறையை வைத்தே அறிந்திருப்பார்கள். அருகிலுள்ள புரூக்ஷாபாத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று இருக்கிறது. கடலியல், கடல்வாழ் உயிரியல் துறையும் பேரிடர் மேலாண்மைத் துறையும் அங்கே இயங்குகின்றன. வளாகம் இங்கே, தாய்ப் பல்கலைக்கழகம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் புதுச்சேரி, லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் மூன்றும் வருகின்றன. ஆகவே இந்தத் தீவுகளின் உயர்கல்விக்குத் தொலைவு என்பது பழகிப்போன சங்கதி.

இணையவழிப் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மில் பலர் கொரோனாவிலிருந்துதான் ஆரம்பிப்போம். அது பாதிக் கதை. இன்றைய விதிகள் கருவுற்றது தபால் காலத்தில். கொரோனா பார்த்தது அவசரப் பிரசவம். 20 சதவீதம், 40 சதவீதம், தேர்வு நேரில்தான், இன்னின்ன படிப்புக்கு அனுமதி இல்லை என்று விதிப் புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பழைய பயம் உண்டு. அந்தப் பயங்களை வரிசையாகச் சொன்னாலே விதிகள் பிறந்த கதை வந்துவிடும்.

முதலில் வந்தவர் தபால்காரர்

லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் துணிந்து ஒரு கதவைத் திறந்தது. யாரிடம் படித்தாய், எந்த ஊரில் படித்தாய் என்று கேட்க மாட்டோம், எங்கள் தேர்வை எழுதித் தேறினால் பட்டம் உண்டு என்றது. பேரரசின் குடியேற்ற நாடுகளில் இருந்தவர்களுக்கு அது பெரிய வரம். கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை லண்டன் பட்டத்துக்கே மாணவர்களைத் தயார்செய்தது. ‘வெளிவாரிப் பட்டம்’ என்ற சொல் ஈழத்துத் தமிழர் வீடுகளில் இன்றும் புழங்குவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

லண்டன் செய்த அந்த ஏற்பாட்டில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது. பாடம் எப்படி நடந்தது என்பதைப் பல்கலைக்கழகம் பார்க்க முடியாது, தேர்வை மட்டும் பார்க்க முடியும், அது போதும் என்ற நம்பிக்கை. நம் விதிகள் இன்றுவரை அந்த இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை.

இந்தியாவில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பு 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதற்குப் பரிந்துரை தந்த குழுவின் தலைவர் டி.எஸ். கோத்தாரி. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் இந்த வேலையில் இறங்கின. ‘கரஸ்ல பி.ஏ. முடிச்சேன்’ என்று சொல்லும் ஒரு தலைமுறையே உருவானது. பள்ளி ஆசிரியர்கள், தாலுகா அலுவலக எழுத்தர்கள், வங்கி ஊழியர்கள், கல்யாணத்தோடு படிப்பை விட்ட பெண்கள் என்று கல்லூரி வாசலுக்கே வர முடியாதவர்களுக்குப் பட்டம் வீடு தேடி வந்தது. பழுப்பு உறையில் பாடக்கட்டு, சனி ஞாயிறில் தொடர்பு வகுப்பு, ஆண்டு முடிவில் தேர்வு. இதுதான் முறை.

அந்தமானில் இந்த முறை அதே வேகத்தில் ஓட முடியாது. போர்ட் பிளேரில் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967இல்தான் வந்தது. கல்லூரியில் இல்லாத பாடம் வேண்டுமென்றால் கப்பலேறி மூன்று நாள் பயணம் செய்து மெயின்லேண்டுக்குப் போக வேண்டும். அஞ்சல்வழியில் சேர்ந்தாலோ, பாடக்கட்டு அதே கடலைத் தாண்டி வர வேண்டும். திண்டுக்கல்காரர் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்வரும் தொடர்பு வகுப்பு, தீவுக்காரருக்கு ஒரு மாத லீவும் டிக்கெட் காசும் கேட்கும் காரியம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல் உருவாகி, பின்னர் போர்ட் பிளேரில் ஒரு மண்டல மையமும் வைத்த பிறகு இந்தச் சிரமம் ஓரளவு குறைந்தது.

இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தமிழர் வா.செ. குழந்தைசாமி. நீர்வளப் பொறியியலாளர். மதுரை காமராசர், அண்ணா ஆகிய பல்கலைக்கழகங்களில் துணைவேந்தராக இருந்தவர், 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். அவர் பெயர் இன்னொரு முறையும் வரும்.

சந்தேகம் சட்டமானது

அஞ்சல்வழிப் படிப்பு பல்கலைக்கழகங்களுக்கு நல்ல வருமானம். கட்டடம் வேண்டாம், விடுதி வேண்டாம், மாணவர் எண்ணிக்கைக்கு மேல்வரம்பும் கிடையாது. பணம் புரண்ட இடத்தில் இடைத்தரகரும் புகுந்தார். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டடி சென்டர்’ பலகை இன்னொரு மாநிலத்தின் கடைத்தெரு மாடியில் தொங்கியது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க ஆளில்லை.

கேட்க வேண்டிய அமைப்பு ஒன்று இருக்கத்தான் செய்தது. தொலைநிலைக் கல்விக் குழு என்ற அதை இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் தானும் இதே படிப்புகளை நடத்துகிறது, இதே துறையில் மற்றவர்களைக் கண்காணிக்கவும் செய்கிறது. ஆட்டத்தில் ஆடுபவரே நடுவர் என்ற முறை சரிவராது என்ற பேச்சு நெடுநாள் நடந்தது. சட்டக் கல்வியாளர் என்.ஆர். மாதவ மேனன் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. 2012 டிசம்பர் இறுதியில் அந்தப் பொறுப்பை மானியக் குழுவுக்கு மாற்றும் ஆணை வந்தது.

நீதிமன்றங்களும் இரண்டு ஆணிகளை அடித்தன. 2005இல் பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில், சத்தீஸ்கரில் காகிதத்தில் முளைத்த தனியார் பல்கலைக்கழகங்களை உச்ச நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியது. ஒரு மாநிலச் சட்டத்தால் பிறந்த பல்கலைக்கழகம் அந்த மாநில எல்லைக்குள்தான் இயங்கலாம் என்ற கொள்கை அதன் பிறகு உறுதிப்பட்டது. 2017 நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு, நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றி அஞ்சல்வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களைக் குறித்தது. பட்டத்தை வைத்து வேலையும் பதவி உயர்வும் பெற்றவர்கள் திகைத்துப்போனார்கள். ஒரு பகுதியினர் மறுபடி தேர்வெழுத வேண்டியிருந்தது, மற்றவர்களின் பட்டமே ரத்தானது.

பொறியியல், மருத்துவம், சட்டம், மருந்தியல், கட்டடக்கலை போன்ற படிப்புகளை முழுக்க இணையவழியில் நடத்த முடியாது என்று பிற்பாடு எழுதியபோது, எழுதியவர்களின் மேசையில் இந்தப் பழைய வழக்குகள்தான் இருந்திருக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் இத்தனை, தரவரிசை இத்தனை என்று நிபந்தனை போட்டதும் அதே எச்சரிக்கைதான். அஞ்சல்வழியில் சூடுபட்ட அரசு, இணையத்தைக் கண்டதும் முதலில் வேலியைப் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தது.

வானத்து வகுப்பறை

தபாலுக்கும் இணையத்துக்கும் நடுவே வானம் ஒன்று வந்துபோனது. 1984 ஆகஸ்ட் 15 அன்று மானியக் குழு தூர்தர்ஷனில் ‘கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை இஸ்ரோ ஏவியது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனாலும் டிவி பார்த்ததற்கு எந்தப் பல்கலைக்கழகமும் மதிப்பெண் தரவில்லை. விதிப் புத்தகத்தில் இவற்றின் தடம் குறைவு.

இந்த இடத்தில் பசிபிக் கடலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஃபிஜியின் சுவா நகரில் 1968இல் தென் பசிபிக் பல்கலைக்கழகம் உருவானது. சமோவா, டோங்கா, கிரிபாட்டி, துவாலு என்று 12 தீவு நாடுகளுக்கு அது பொதுச் சொத்து. மாணவர்கள் சில கோடி சதுர கிலோமீட்டர் கடலில் சிதறிக் கிடந்தார்கள். 1970களில் நாசாவின் ஏடிஎஸ்-1 என்ற பழைய செயற்கைக்கோளைப் பிடித்து, தீவு மையங்களோடு குரல் வழியாகப் பாட விவாதம் நடத்தினார்கள். அங்கே மாணவனுக்கும் பாடத்துக்கும் நடுவே கடல் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டே பல்கலைக்கழகத்தைக் கட்டினார்கள். நம் நாட்டில் விதி முழுவதும் மெயின்லேண்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தீவுகள் பிறகு அதில் தங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

வீடியோ இருந்தது, கிரெடிட் இல்லை

இணையவழிப் பாடத்துக்கு இந்தியாவில் முதல் பெரிய விதை விழுந்த இடங்களில் ஒன்று சென்னை ஐஐடி. 1999இல் முளைத்த யோசனை, 2003இல் மத்திய அரசின் நிதியோடு என்பிடெல் என்ற திட்டமாக உருக்கொண்டது. அப்போதிருந்த ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் கைகோத்தன. சென்னை ஐஐடியின் இயக்குநராக இருந்த எம்.எஸ். ஆனந்த் இதற்குத் தோள்கொடுத்தவர்களில் முக்கியமானவர். நோக்கம் எளியது. நல்ல ஆசிரியர் இல்லாத பொறியியல் கல்லூரி மாணவனும் ஐஐடி பேராசிரியரின் வகுப்பைக் கேட்க வேண்டும். வீடியோக்கள் வந்தன, பார்த்தார்கள், பயனடைந்தார்கள். பார்த்ததற்குச் சான்று மட்டும் எதுவுமில்லை.

அதே காலத்தில் தமிழுக்கென்றே ஒரு முயற்சி நடந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அறிவிப்பு வந்து, 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதை வழிநடத்தியவர் அதே குழந்தைசாமி. கடல்கடந்த தமிழ்ப் பிள்ளைகள் மழலைக் கல்வியிலிருந்து பட்டம்வரை தமிழை இணையத்தில் படிக்கலாம் என்பது திட்டம். இணையவழிப் பட்டத்துக்கென இந்திய அரசு ஒழுங்குமுறை எழுத அதன்பின் 17 ஆண்டுகள் ஆயின. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் நூலகமாகவும் பாடசாலையாகவும் நடக்கிறது.

என்பிடெல் 2014இல் அடுத்த படிக்குப் போனது. பாடம் இணையத்தில், வாராவாரம் அசைன்மென்ட் இணையத்தில், இறுதித் தேர்வு மட்டும் நேரில், மையத்தில், அடையாள அட்டையோடு. தேறினால் சான்றிதழ். லண்டன் 1858இல் வைத்த அதே நம்பிக்கை கணினி யுகத்தில் மறுபிறவி எடுத்தது. படிப்பது எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும், எழுதுவது யார் என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் வந்ததும் அடுத்த கேள்வி எழுந்தது. இதைக் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் சேர்ப்பார்களா? 2016 ஜூலையில் மானியக் குழு பதில் சொன்னது. மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் படித்த பாடத்தின் கிரெடிட்டைக் கல்லூரி ஏற்கலாம், ஒரு செமஸ்டரில் ஒரு படிப்பின் மொத்தப் பாடங்களில் 20 சதவீதம்வரை. வேடிக்கை என்னவென்றால், ஸ்வயம் முறையாகத் தொடங்கியது அதற்கு ஓராண்டு கழித்து, 2017 ஜூலை 9இல். நடைமுறைக்குப் பின்னால் மூச்சுவாங்க ஓடிவரும் விதி, இந்த ஒருமுறை முன்னால் வந்து நின்றது.

அந்த 2016 ஒழுங்குமுறையைப் பலர் 20 என்ற எண்ணோடு மறந்துவிட்டார்கள். உள்ளே இன்னும் ருசியான பகுதிகள் இருக்கின்றன. எப்போது ஒரு கல்லூரி ஸ்வயம் பாடத்தை அனுமதிக்கலாம்? பாடம் நடத்தத் தகுந்த ஆசிரியர் கிடைக்காதபோது. மாணவர் கேட்கும் விருப்பப் பாடம் கல்லூரியில் இல்லாதபோது. இருக்கும் பாடத்துக்கு அது துணையாக அமையும்போது. முதல் இரண்டு காரணங்களையும் படித்தால் யாரோ தீவுக் கல்லூரியை மனத்தில் வைத்து எழுதியதுபோல் இருக்கும். ஆசிரியர் கிடைக்காததும் விருப்பப் பாடம் இல்லாததும் அங்கே அன்றாடக் குறை.

அதைவிட முக்கியமான வரி ஒன்று உண்டு. இணையப் பாடத்துக்கு வேண்டிய ஆய்வகம், கணினி வசதி, நூலகம் ஆகியவற்றைத் தாய்க் கல்லூரி இலவசமாகவும் போதுமான அளவிலும் தர வேண்டும், பாடம் முடியும்வரை மாணவரை வழிநடத்த ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும், செய்முறை வகுப்பையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது, இணையத்தைக் காட்டி மாணவனை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. சதவீதத்தைப் பற்றி ஆயிரம் பேர் பேசினார்கள். இந்த வரியைப் பற்றிப் பேசியவர்கள் சொற்பம்.

ஓராண்டில் நடந்தது

பாடம் பாடமாக ஏற்பது ஒன்று, முழுப் பட்டத்தையே இணையத்தில் தருவது வேறு. அதற்கான முதல் ஒழுங்குமுறை 2018 ஜூலையில் வந்தது. தயக்கத்தோடு எழுதிய விதி, தயக்கத்தோடுதான் பல்கலைக்கழகங்களும் அதைத் தொட்டன.

2020 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில், தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் உள்ள நிறுவனங்கள் முழு இணையவழிப் பட்டங்கள் தரலாம் என்றார். அப்போது ஊரடங்கு யார் நினைப்பிலும் இல்லை. மார்ச் இறுதியில் நாட்டின் வகுப்பறைகள் மூடின. மே 17 அன்று அதே அமைச்சர், முதல் 100 பல்கலைக்கழகங்கள் மே 30க்குள் இணையவழிப் படிப்புகளைத் தாமாகவே தொடங்க அனுமதி உண்டு என்று அறிவித்தார். ஜூன் 30 அன்று சென்னை ஐஐடி, நிரலாக்கத்திலும் தரவு அறிவியலிலும் இணையவழி பி.எஸ்சி. பட்டத்தை அறிமுகம் செய்தது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதாதவரும் தகுதித் தேர்வில் தேறிச் சேரலாம். பாடம் திரையில், தேர்வு மையத்தில் நேரில்.

அதே கோடையில் இறுதியாண்டுத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்று நாடே வாதாடியது. ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மானியக் குழுவின் பக்கம் நின்றது. தேர்வைத் தள்ளிவைக்க மாநிலங்கள் அனுமதி கேட்கலாம், தேர்வே இல்லாமல் பட்டம் தர முடியாது என்றது. பெருந்தொற்றால்கூடத் தேர்வுக்கூடத்தின் பீடத்தை அசைக்க முடியவில்லை. ஒரு வாரத்தில், செப்டம்பர் 4 அன்று, புதிய ஒழுங்குமுறை வந்தது.

பழைய பயங்கள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் கிடைத்தது. இணையவழிப் பட்டம் தர வேண்டுமானால் அப்போது நாக் மதிப்பெண் 4க்கு 3.26 தேவைப்பட்டது, அல்லது தேசியத் தரவரிசையில் முந்தைய மூன்று சுற்றுகளில் இரண்டு முறையாவது முதல் 100க்குள் வந்திருக்க வேண்டியிருந்தது. தொலைநிலைக்கு 3.01 போதுமாக இருந்தது. எந்தெந்தப் படிப்புக்கு அனுமதி இல்லை என்ற பட்டியலும் இருந்தது. ஒன்று மட்டும் புதிது. தொலைநிலைப் படிப்புக்கு மாநில எல்லை உண்டு, இணையவழிப் படிப்புக்கு எல்லை கிடையாது. 2005 முதல் கட்டிவந்த வேலியில் இணையத்துக்கு மட்டும் ஒரு வாசல் விட்டார்கள். சொந்தமாகப் பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் மாநிலத்துக்கு அது சாதாரண வாசல். அந்தமானுக்கு அது கடலில் திறந்த வாசல்.

இரண்டு நாற்பது

40 சதவீதம் என்ற எண் 2021இல் இரண்டு முறை பிறந்தது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்பியவர்களில் கல்லூரி நிர்வாகிகளும் உண்டு.

முதலாவது மார்ச்சில் வந்தது. ஸ்வயம் ஒழுங்குமுறையைப் புதிதாக எழுதி, 20 சதவீத வரம்பை 40 ஆக்கினார்கள். இது பாடங்களின் எண்ணிக்கைக் கணக்கு. ஒரு செமஸ்டரில் ஐந்து பாடம் இருந்தால் இரண்டை ஸ்வயத்தில் படித்துக் கிரெடிட்டைச் சேர்க்கலாம். இது அரசிதழில் வந்த சட்டம்.

இரண்டாவது மே மாதம் வந்தது. அது ‘கலப்பு முறைக் கற்பித்தல்’ பற்றிய ஒரு கருத்துக் குறிப்பு. ஸ்வயம் அல்லாத எந்தப் பாடத்திலும் 40 சதவீதம்வரை இணையவழியில் நடத்தலாம், மீதி 60 வகுப்பறையில், தேர்வை இரண்டுக்கும் நேரில் வைக்கலாம் என்றது. இது ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் நடக்கும் பங்கீடு. ஆசிரியர் கல்லூரியிலேயே இருக்கிறார். ஐந்து வகுப்பில் இரண்டைத் திரையில் எடுக்கிறார். மக்கள் கருத்துச் சொல்ல ஜூன் 6 வரை அவகாசம் தந்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் பல எதிர்த்தன. நெட் இல்லாத மாணவன் என்ன செய்வான் என்பது அவர்களின் முதல் கேள்வி. வகுப்பு குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையுமே என்பது இரண்டாவது. இரண்டும் நியாயமான கேள்விகள்.

2022 செப்டம்பரில் மானியக் குழு ஒரு சுற்றறிக்கை மூலம் இன்னொரு சந்தேகத்தைத் தீர்த்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையிலோ இணையவழியிலோ தரும் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் பெற்ற பட்டத்துக்குச் சமம். கரஸ் பட்டம் என்று உதட்டைப் பிதுக்கும் நேர்முகத் தேர்வாளர்களுக்கு எதிராக அரசு எழுத்தில் தந்த சொல் அது.

புரோத்ராபூர் கணக்கு

இந்த 40:60ஐப் புரூக்ஷாபாத் வளாகத்தில் வைத்துப் பார்க்கலாம். பேரிடர் மேலாண்மையில் சட்டம், கொள்கை, நிர்வாகம், வரைபடப் பகுப்பாய்வு போன்றவற்றைத் திரையில் நடத்தலாம். 2004 டிசம்பர் 26இன் சுனாமியை நேரில் கண்ட தீவுகளில் அந்தப் பாடத்தின் மீதிப் பாதி வளாகத்துக்கு வெளியே, கரையில் கிடக்கிறது. கடல்வாழ் உயிரியலில் கணக்கு இன்னும் மாறும். வகைப்பாட்டியலின் கோட்பாட்டைச் சென்னையிலிருந்து ஒருவர் நன்றாகவே நடத்துவார். பவளப் பாறையின் மாதிரியைச் சேகரிப்பதும், நுண்ணோக்கியில் மிதவை உயிரிகளை எண்ணுவதும், வற்றுக்கடல் நேரம் பார்த்துக் கரையில் இறங்குவதும் திரையில் நடக்காது. அந்தத் துறையை அந்தமானில் வைத்ததே கடலுக்காக. அங்கே 60 என்பது குறைந்தபட்சம். வணிகவியலுக்கும் கடலியலுக்கும் ஒரே சதவீதம் என்று தில்லி சொல்லலாம். எந்தப் பாடத்தில் எது திரைக்கு, எது கைக்கு என்று பிரிக்கும் வேலை அந்தந்தத் துறை ஆசிரியருக்கே உரியது.

இனி, கேபிள். 2018 டிசம்பர் 30இல் அடிக்கல், இருபது மாதத்தில் பணி முடிவு. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே விநாடிக்கு 2×200 ஜிகாபிட், அங்கிருந்து மற்றத் தீவுகளுக்கு 2×100. ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவை இணைந்தன. அதற்கு முன்பு தீவுகளின் இணையம் முழுக்கச் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. அலைவரிசை குறைவு, விலை அதிகம். ஒரு மணி நேர வீடியோ வகுப்பு அந்த நாட்களில் ஆடம்பரம்.

அப்படியானால் ஊரடங்கின் முதல் நான்கு மாதங்கள், நாடெங்கும் ஆன்லைன் கிளாஸ் என்று ஆணை பறந்தபோது, அந்தமான் மாணவர்கள் செயற்கைக்கோள் காலத்தில்தான் இருந்தார்கள். விதி எல்லோருக்கும் ஒரே நாளில் அமலானது, வசதி அப்படி வரவில்லை. கேபிள் வந்த பிறகும் அது கரையில் ஏறும் நிலையம்வரைதான் வேகம். நிலையத்திலிருந்து வீடுவரை உள்ள தூரத்தைக் கேபிள்காரரும் செல்போன் கோபுரமும்தான் கடத்த வேண்டும். நடு அந்தமானில் இருப்பவருக்கும் நிக்கோபாரில் இருப்பவருக்கும் அந்தக் கடைசித் தூரம் வெவ்வேறு.

அதனால்தான் 2016இன் அந்த மறந்துபோன வரியை மறுபடி எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. இணையப் பாடம் எடுக்கும் மாணவனுக்குக் கணினியும் ஆய்வகமும் ஒருங்கிணைப்பாளரும் கல்லூரி தர வேண்டும் என்ற கடமை சரியாக நடந்தால், வீட்டில் நெட் இருக்கிறதா என்ற கேள்வியின் கூர் மழுங்கிவிடும். மாணவன் கல்லூரிக்கு வருவான், அங்கே அமர்ந்து கான்பூர் ஐஐடி பேராசிரியரின் பாடத்தைக் கேட்பான், சந்தேகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருப்பார். தீவுக்கு ஏற்ற கலப்புக் கல்வி இதுதான்.

நூற்றைம்பது ஆண்டுக்கு மேலான கதையில் அரசு கேட்ட கேள்விகள் இரண்டே: பட்டம் செல்லுமா, தேர்வை எழுதியது யார்? இரண்டுக்கும் விதிப் புத்தகத்தில் விடை இருக்கிறது, நல்ல விடைதான். பாடம் மாணவனிடம் போய்ச் சேர்ந்ததா என்ற மூன்றாவது கேள்விக்கு ஒரு வரி இருக்கிறது, அதைச் சரிபார்க்கும் வழக்கம் வேண்டும். நாக் குழு கல்லூரிக்கு வரும்போது எத்தனை சதவீதம் இணையவழி என்று கேட்பதோடு, எத்தனை மாணவர் எந்த அறையில் எந்தக் கணினியில் படித்தார்கள் என்றும் கேட்கட்டும்.

சேரப்போகிறவர்களுக்கு நான்கு வார்த்தை. பணம் கட்டும் முன் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், சேரும் பருவம் மூன்றும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 முதல் சேர்க்கைக்கு ‘டெப் ஐடி’ என்ற அந்தப் பிரிவின் அடையாள எண் வேண்டும்; அதை நீங்களே அந்தத் தளத்தில் எடுக்கலாம், தரகர் தேவையில்லை. தேர்வு மையம் உங்கள் தீவிலேயே உண்டா, மெயின்லேண்டுக்கு வர வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பல் டிக்கெட்டும் கட்டணத்தில் ஒரு பகுதிதான். ஏற்கெனவே கல்லூரியில் இருப்பவர்கள், ஸ்வயம் பாடத்துக்கு ஒருங்கிணைப்பாளர் யார் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். அது சலுகை கேட்பதல்ல, அரசிதழில் எழுதியிருக்கும் உங்கள் உரிமை.